மெயின் வீதி: ஒருவழியா, இருவழியா? ஹாமில்டன் இலகு ரயிலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கனடாவின் ஹாமில்டன் மாநகரம் மெயின் வீதியை என்ன செய்யலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்டபோது, இருவழி ஆக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் குடும்பத்திலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. டொராண்டோ பக்கத்து வீட்டு விலை தாங்காமல் இங்கே வர யோசிக்கும் தமிழ்க் குடும்பங்களும் இப்போது இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "எல்ஆர்டி வரப்போகிறதாமே, மெயினுக்கு வடக்கே வீடு பார்ப்பதா, தெற்கே பார்ப்பதா?" எல்ஆர்டி என்பது வீதியில் தண்டவாளம் போட்டு ஓட்டும் இலகு ரயில். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஹாமில்டனின் பழைய நகரம் ஒன்டாரியோ ஏரிக்கும் மலைக்கும் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. உண்மையில் அது நயாகரா மலைச்சரிவுதான், ஆனால் இங்கே எல்லோரும் மலை என்றே சொல்வோம். அந்த நகரத்தின் முதுகெலும்பு இரண்டு வீதிகள்: கிங், மெயின். மையப் பகுதியில் கிங்கில் வாகனங்கள் மேற்கே மட்டும் போகும், மெயினில் கிழக்கே மட்டும். மெயினில் பெரும்பாலான இடங்களில் நான்கைந்து தடங்கள், எல்லாம் ஒரே திசையில். கிழக்கே டெல்டா என்ற சந்தியில் இரண்டு வீதிகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. டெல்டாவைத் தாண்டினால் மெயின் இருவழி. மேற்கே 403 நெடுஞ்சாலையைத் தாண்டினாலும் இருவழி. ஆக நடுவில் உள்ள துண்டு மட்டும்தான் ஒருவழி. ஆட்கள் மிக நெருக்கமாக வாழ்வதும், மிக அதிகமாக நடப்பதும் அந்தத் துண்டில்தான்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1951 வரை இங்கே டிராம் ஓடியது. இன்றைக்கு வெறும் பஸ் மட்டும் ஓட்டுகிற நிறுவனத்தின் பெயர் இன்னும் ஹாமில்டன் ஸ்ட்ரீட் ரெயில்வேதான். டிராமை எடுத்து ஐந்து வருடத்தில், 1956-இல், மையப் பகுதி வீதிகளை ஒருவழியாக மாற்றினார்கள். எஃகு ஆலைகள் முழு வீச்சில் ஓடிய காலம். கார்களை நகரத்துக்குள்ளால் வேகமாகக் கடத்திவிட வேண்டும் என்பதே நோக்கம். தண்டவாளத்தை எடுத்ததும் ஒருவழி ஆக்கியதும் அடுத்தடுத்து வந்த முடிவுகள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். தண்டவாளம் திரும்பி வரும்போது மற்ற முடிவையும் எடுத்துப் பார்க்கத்தானே வேண்டும்?

இலகு ரயிலின் கதை நீண்டது, சுருக்கிவிடுகிறேன். 2015-இல் மாகாண அரசு 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. 2019 டிசம்பரில் அடுத்த அரசு திட்டத்தையே ரத்து செய்தது. 2021-இல் மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து 340 கோடி டாலரோடு அதை மீட்டன. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து கிழக்கே ஈஸ்ட்கேட் வரை 14 கிலோமீட்டர், 17 தரிப்பிடங்கள். மையப் பகுதியில் ரயில் ஓடப்போவது கிங் வீதியில். 2022 வசந்தத்துக்குள் பாதசாரிகள் பலர் அடுத்தடுத்து வாகனம் மோதி இறந்த பிறகு, அந்த வருடம் மே மாதம் மாநகர மன்றம் மெயினை இருவழி ஆக்க முடிவெடுத்தது. முடிவெடுத்தாலும் வாக்குவாதம் ஓயவில்லை.

வாக்குவாதத்தில் அடிபடும் வழிகள் மூன்று. ஒன்று, மெயினை இப்படியே ஒருவழியாக விடுவது. இரண்டு, ஒருவழியாகவே வைத்துத் தடங்களைக் குறைத்து, மிச்ச இடத்தைச் சைக்கிளுக்கும் நடைபாதைக்கும் கொடுப்பது. மூன்று, இருவழி ஆக்குவது.

முதல் வழிக்கு வருவோம். அதன் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பச்சை லைட். ஒரு சந்தியில் பச்சை கிடைத்தால் அடுத்தடுத்த சந்திகளிலும் பச்சை விழும்படி நேரம் அமைத்திருக்கிறார்கள். காலையில் நகரத்தை நிற்காமல் கடந்துவிடலாம். எங்கள் அத்தான் கிழக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அதிகாலை வேலைக்குப் போகிறவர். அவர் சொல்வதை அப்படியே தருகிறேன்:

"நீ சொல்றது சரி பிள்ளை. ஆனா விடியக்காலமை அஞ்சு மணிக்கு அந்த ரோட்டில போறது நான்தானே? ஒரு லைட்டிலயும் நிக்காமல் போறன். அதையும் பறிச்சால் நான் இன்னும் பத்து நிமிஷம் முந்தி எழும்ப வேணும்."

இது நியாயமான கவலைதான். பத்து நிமிடம் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம், ஆனால் நேரம் கூடும் என்பது உண்மை. இருவழி வீதியில் இரண்டு திசைக்கும் ஒரேயடியாகப் பச்சை அலையை அமைப்பது கடினம். ஒரு திசைக்கு ஒத்துவந்தால் மற்றத் திசைக்குச் சறுக்கும். ஒருவழிக்குச் சார்பாக இன்னொன்றும் உண்டு. சந்தியில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் அதில் குறைவு. எதிரே வருகிற வண்டி இல்லை என்பதால் இடதுபக்கம் திரும்புவது சுலபம். (கனடாவில் வலப்பக்கம் ஓட்டுகிறோம். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வலதுபக்கம் திரும்பும்போது எதிர்வண்டிக்குக் காத்திருக்கிற சிக்கல், இங்கே இடதுபக்கம் திரும்பும்போது வரும்.)

ஆனால் அத்தான் நகரத்தைக் கடந்து போகிறவர். கடந்து போகிறவர்களுக்கு 1956-இல் வேறு பாதை இல்லை. இன்றைக்கு மலைமேல் லிங்கன் அலெக்சாண்டர் பெருவீதி 1997-இலிருந்து இருக்கிறது. அதோடு சேரும் ரெட் ஹில் பெருவீதி 2007-இல் திறந்தாயிற்று. மேற்கிலிருந்து கிழக்குத் தொழிற்சாலைப் பக்கம் போக நகரத்துக்குள் நுழையவே தேவையில்லாத வழி அது. அவருக்கு அது சுற்று என்று எரிச்சல், புரிகிறது. இருந்தாலும் ஒரு மாநகரத்தின் நடுவீட்டை நெடுஞ்சாலையாக வைத்திருக்க அது போதுமான காரணமாக எனக்குப் படவில்லை.

இரண்டாவது வழிக்கு உதாரணம் வடக்கே இருக்கும் கெனன் வீதி. ஒருவழியாகவே இருந்தபடி 2014-இல் ஒரு தடத்தைச் சைக்கிள் பாதைக்குக் கொடுத்தார்கள், சைக்கிள் மட்டும் இரண்டு திசையிலும் போகலாம். மலிவான வேலை, சீக்கிரம் முடிந்தது, அந்த வீதி முன்பைவிட நிச்சயம் நல்லது. மெயினிலும் தீர்மானத்துக்குப் பிறகு சில இடங்களில் தடத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். எனக்கு இந்த வழியில் கோபம் ஒன்றும் இல்லை. இருவழிக்குப் பணம் கிடைக்காத நிலை வந்தால் இதையாவது செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, அப்புறம் ஏன் இருவழி?

என் காரணம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அதன் துணைக் காரணங்கள். ரயில் கிங்கில் ஓடுகிறது. ஆனால் ரயிலில் ஏறப்போகிறவர்களில் பெரிய பங்கு மெயினுக்குத் தெற்கே வாழ்கிறார்கள். டுராண்ட், கார்க்டவுன், ஸ்டின்சன் என்று மலையடிவாரம் வரை அடுக்குமாடிகளும் பழைய வீடுகளுமாக நெருங்கிக் கிடக்கும் பகுதிகள் அவை. இந்தப் பகுதி ஆட்கள் எந்தத் தரிப்பிடத்துக்குப் போனாலும் முதலில் மெயினைக் கடக்க வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு முறை கடக்க வேண்டும். 340 கோடி டாலர் போட்டு ஓட்டும் ரயிலுக்கு வாசல் மெயின் வீதிதான். அந்த வாசலைக் கடக்கப் பயந்தால், காரோ காலோ எது முடியுமோ அதில் போய்விடுவார்களே தவிர ரயிலுக்கு வரமாட்டார்கள். அம்மாவைப் போன்ற வயதானவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

வெலிங்டன் சந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கிங்கில் அங்கே ஒரு தரிப்பிடம் வருகிறது. தெற்கிலிருந்து வருகிறவர் மெயின் ஓரத்தில் வந்து பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறார். மாசி மாதம் என்றால், வீதியிலிருந்து வழித்துத் தள்ளிய பனி முழங்கால் உயரத்துக்கு மூலையில் குவிந்து உறைந்திருக்கும், நிற்கும் இடமே குறுகல். பாரவண்டி ஒன்று பக்கத்துத் தடத்தில் போனால் அதன் காற்று உடம்பில் அடிக்கும், உப்புத் தண்ணீர் காற்சட்டையில் தெறிக்கும். வெள்ளை மனித உருவம் எரிந்ததும் இறங்குகிறார். ஐந்து தடம் என்றால் ஒரு தடத்துக்கு 3.3 மீட்டர் வைத்தாலே 16 மீட்டருக்கு மேல். நல்ல நடை நடப்பவருக்கு, அதாவது நொடிக்கு 1.2 மீட்டர் போகிறவருக்கு, 14 நொடி. கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் போகிற ஒருவருக்கு 20 நொடிக்கு மேல். இத்தனை நேரமும் இடையில் ஒதுங்கி நிற்க ஓர் அடி இடம் கிடையாது. பாதி தூரத்தில் சிவப்புக் கை மின்னத் தொடங்கினால் ஓடத்தான் வேண்டும், ஓட முடியாதவர் என்ன செய்வார்? கிங்–வெலிங்டனில் முதியோருக்கான உயர்ந்த அடுக்குமாடி ஒன்று இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இருவழி ஆனால் வீதிக்கு ஒரு நடு கிடைக்கிறது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு திசையைப் பிரிக்கிற இடம் என்று ஒன்று வந்ததும், அதில் ஒரு திட்டுக் கட்டலாம், அந்தத் திட்டில் ஓர் ஆள் நிற்கலாம், தள்ளுவண்டியோடு ஒரு தாய் நிற்கலாம். 16 மீட்டர் ஒரே ஓட்டம் என்பது இரண்டு சின்னக் கடத்தல்களாகிறது. ஒவ்வொரு பாதியிலும் வாகனம் ஒரு பக்கமிருந்துதான் வரும், பார்க்க வேண்டிய தடமும் இரண்டுதான்.

"ஒருவழியிலும் நடுவில் திட்டுக் கட்டலாமே" என்று கேட்பார்கள். கட்டலாம். ஆனால் ஒரே திசையில் போகும் தடங்களுக்கு நடுவில் திட்டு வைத்தால் அது வாகனத்துக்கு இடைஞ்சலாகவே தெரியும், தடம் மாறப் பார்க்கிறவருக்கு முட்டுக்கட்டை. அதனால் அதை யாரும் ஆசையாகக் கட்டுவதில்லை, கட்டினாலும் முதல் சாக்கில் எடுத்துவிடுவார்கள். இருவழியில் நடுத்திட்டு வாகனத்துக்கும் தேவைப்படுகிறது. இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படுகிற ஒன்றுதான் நிலைக்கும்.

வேகமும் இதோடு சேர்ந்தது. பச்சை அலையை ஒழுங்காகப் பின்பற்றுகிறவர் வேக வரம்புக்குள்தான் போவார், அதை மறுக்கவில்லை. தொல்லை தருவது அலையைத் தவறவிட்டவர். அடுத்த பச்சையைப் பிடித்துவிட முடியும் என்று அவருக்குத் தெரியும், முன்னால் காலித் தடமும் தெரியும், மிதிப்பார். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறவர் ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி எடுத்தால், அதற்குள் வண்டி 21 மீட்டர் போய்விடும். 70-இல் 29 மீட்டர். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே இவ்வளவு. இருவழியில் எதிரே வண்டி வருகிறது, அலை முழுசாக இல்லை, காலித் தடமும் இல்லை, கால் தானாகவே இளகும்.

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. ஹாமில்டன் குழந்தைகளையே வைத்துச் செய்த ஆய்வொன்று 2000-இல் வெளிவந்தது. இருவழி வீதிகளைவிட ஒருவழி வீதிகளில் நடந்துபோகும் குழந்தைகள் அடிபடும் விகிதம் இரண்டரை மடங்கு என்று அதில் கண்டார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2011-இல் புரூக், ஃபர்ஸ்ட் என்ற இரண்டு வீதிகளை ஒருவழியிலிருந்து இருவழிக்கு மாற்றினார்கள். விபத்து ஒன்றில் 36 சதவீதமும் மற்றதில் 60 சதவீதமும் குறைந்தது. அந்த இரண்டு வீதிகளும் மெயின் அளவுக்குப் பெரியவை அல்ல. அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தமாட்டேன், திசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, சின்னக் காரணம்: ரயில் ஓடும் வீதியின் சுமை. கிங்கில் தண்டவாளம் போட்டதும் காருக்கு மிஞ்சும் இடம் குறையும். இன்டர்நேஷனல் வில்லேஜ் என்கிற கடைத்தெருப் பகுதியில் வீதியே ஒடுக்கம். வீதி நடுவே ரயில் ஓடும் இடங்களில் பொதுவாகச் சிக்னல் உள்ள சந்திகளில் மட்டும்தான் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்ப விடுவார்கள். அப்போது மேற்கே போக வேண்டியவர் எங்கே போவார்? மெயின் ஒருவழியாகவே இருந்தால் அது கிழக்கே மட்டும். அவர் கெனன் வரை வடக்கே ஏற வேண்டும், அல்லது வீட்டுத் தெருக்களுக்குள் புகுந்து சுற்ற வேண்டும். மெயின் இருவழி ஆனால் பக்கத்திலேயே மேற்குப் பாதை இருக்கிறது. இதனால்தான் கிங்கைத் தோண்டுவதற்கு முன்பே மெயினை மாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தோண்டுகிற வருடங்களில் மெயினின் எல்லாத் தடமும் கிழக்கே போகிற வாகனத்துக்கே வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. போக்குவரத்துப் பொறியியல் என் துறை இல்லை. அந்தக் கணக்கில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டொராண்டோ எக்லின்டன் வீதியில் 2011-இல் தொடங்கிய இலகு ரயில் வேலை பத்தாண்டைத் தாண்டி இழுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். "ரயில் முடிந்த பிறகு பார்க்கலாம்" என்றால் அந்தப் பிறகு எப்போது வரும்?

கிச்சனர்–வாட்டர்லூ பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம். அங்கே அயான் இலகு ரயில் 2019 ஜூனில் ஓடத் தொடங்கியது. இரண்டு நகர மையங்களிலும் தண்டவாளம் பிரிந்து, போக ஒரு வீதி, வர வேறொரு வீதி. புதிதாகப் போகிறவருக்கு, இறங்கின இடத்தில் திரும்பி ஏற முடியாது என்பதே முதல் தடுமாற்றம். நாங்கள் ஹாமில்டன் பஸ்ஸில் அனுபவிப்பதும் அதுதான்: மேற்கே போகும் பஸ் கிங்கில், கிழக்கே போகும் பஸ் மெயினில். கிங்கில் இரண்டு தண்டவாளமும் ஒன்றாக வருவதால் ரயிலுக்கு இந்தத் தொல்லை இராது. மெயினும் இருவழி ஆனால் பஸ்ஸையும் அப்படி அமைக்க வழி பிறக்கும்.

கடைகளைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். ஜேம்ஸ் வீதியை 2000-களின் தொடக்கத்தில் இருவழி ஆக்கின பிறகு அதன் வடபகுதி உயிர்பெற்றது என்பது இருவழிக்காரர்கள் முதலில் காட்டும் சாட்சி. மாதத்தின் இரண்டாம் வெள்ளி இரவு அங்கே நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் போனால் நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது, உண்மை. ஆனால் அதே காலத்தில் வாடகை மலிவைத் தேடி ஓவியர்கள் வந்தார்கள், 2015-இல் வெஸ்ட் ஹார்பர் ரயில் நிலையம் வந்தது. இருவழி உதவியிருக்கும் என்று நம்புகிறேன், அது மட்டுமே செய்தது என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

இருவழியின் குறைகளில் என்னை உண்மையாகவே யோசிக்க வைப்பது இடதுபக்கத் திருப்பம்தான். எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து அவசரமாகத் திரும்புகிறவரின் கண் எதிர்வண்டியில் இருக்கும், குறுக்கே நடக்கும் ஆளில் இருக்காது. பாதசாரி அடிபடும் வகைகளில் இது மோசமானது. ஆகவே இருவழி என்று கோடு மாற்றிப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனால் எனக்கு அது தோல்விதான். இடதுபக்கம் திரும்பத் தனி அம்புக்குறி லைட் வேண்டும், அந்த நேரத்தில் நடக்கிற லைட் சிவப்பாக இருக்க வேண்டும். அம்பு வைக்க முடியாத சந்திகளில் இடதுபக்கத் திருப்பத்தையே தடை செய்யலாம். மாநகரம் கருத்துக் கேட்ட படிவத்தில் கீழே இருந்த கட்டத்தில் இதைத்தான் எழுதினேன்: திட்டு இல்லாமல், அம்பு இல்லாமல் நான்கு தட இருவழி தருவதானால், கெனன் மாதிரி ஒருவழியே மேல்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி பற்றிய கவலைக்கு என்னிடம் அனுபவம் சார்ந்த பதில் இல்லை. ஒருவழியில் வாகனங்கள் இரண்டு ஓரமும் ஒதுங்குகின்றன, இருவழியில் எதிர்த்தடத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் நடுத்திட்டு உயரமாக இருந்தால் அதுவும் முடியாது. அதனால் திட்டு சந்திகளில் மட்டும் இருக்கட்டும், நீளத்துக்கும் சுவர் மாதிரி வேண்டாம்.

இனி வீடு பார்க்கிறவர்களுக்கு. மெயினுக்குத் தெற்கே வாங்கலாம், தயங்க வேண்டாம். மரங்கள், பாடசாலைகள், மலைப்படிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் விற்பனை முகவர் "எல்ஆர்டிக்கு ஐந்து நிமிட நடை" என்று சொன்னால் வரைபடத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து கிங்கில் தரிப்பிடம் வரப்போகிற இடம் வரை, மாலை வேலை விடும் நேரத்தில், வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மெயினில் லைட்டுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், ஒரே லைட்டில் மறுகரை போய்ச் சேருகிறீர்களா என்று பாருங்கள். அப்புறம் மாநகரத்தின் மெயின் வீதி வடிவமைப்புப் படத்தை எடுத்து, உங்கள் சந்தியில் நடுத்திட்டு வரைந்திருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேலை தொடங்கும் முன் எழுதினால்தான் கோடு மாறும்.